உறைவிடமும் சமத்துவமும்

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்த நாளில், நாடார் சமூகத்தார் மாடி வைத்து வீடு கட்டலாகாது என்றொரு வழக்கு இருந்தது. குடை பிடிக்கவும் காலணி அணியவும் இருந்த தடைகளோடு இதுவும் ஒன்று. தோள்சீலைப் போராட்டத்தை யாவரும் அறிவர்; 1859இல் அதற்கு ஓரளவு விடிவும் பிறந்தது. வீட்டின் உயரத்தையும் அன்று அளந்தார்கள் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. பொருள் இருந்தும் மாடி கட்ட இயலாதவர் வீடற்றவர் அல்லர். அப்படியானால் அவருக்கு மறுக்கப்பட்டது எது?

நம் அரசியல் சாசனத்தில் வீட்டுரிமை என்று தனிப்பிரிவு கிடையாது. உயிர் வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவுக்குள் உறைவிடமும் அடங்கும் என்பது நீதிமன்றங்கள் பின்னர் கண்ட பொருள். 1981இல் பம்பாய் நடைபாதைக் குடிசைகளை அகற்ற முற்பட்டபோது வழக்குத் தொடுத்தவர்களுள், வறட்சியால் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து அங்குச் சென்ற நிலமற்ற தொழிலாளி ஒருவரும் உண்டு. குடிசை போனால் பிழைப்புப் போகும், பிழைப்புப் போனால் உயிர் நிலைக்காது என்ற வாதத்தை 1985இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஏற்றுக்கொண்டே, முறைப்படி அகற்றலாம் என்றும் தீர்ப்பளித்தது!

சமத்துவத்தை இன்னும் நெருங்கித் தொட்டது 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களின் குடியிருப்புக்காக நிலம் எடுத்ததை நிலவுடைமையாளர்கள் எதிர்த்தனர். உறைவிடம் உடலைக் காக்கும் கூரை மட்டுமன்று, மனிதன் அறிவாலும் ஆன்மாவாலும் வளரும் இடம் என்று கூறி, அந்த எதிர்ப்பை நீதிமன்றம் தள்ளியது. மாடி மறுக்கப்பட்டவருக்கு மறுக்கப்பட்டதும் இதுவே என்போம்.

இவையெல்லாம் அரசைக் கட்டுப்படுத்துவன, வீட்டுக்காரரை அல்ல. கடை, உணவு விடுதி, கிணறு, சாலை ஆகியவற்றில் பேதம் கூடாதென்னும் 15ஆம் பிரிவு வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. நகரங்களில் வாடகைக்கு வீடு தேடி, பெயரைச் சொன்னதும் பேச்சு முறிந்த அனுபவம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் புதிதன்று. மறுக்கப்பட்டவர்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதைக் குறை கூறோம். ஆயினும் நம் வீட்டில் ஒரு பகுதி காலியாக இருக்கும்போது தலித் குடும்பம் ஒன்று வந்து கேட்டால் நாம் சொல்லும் மறுமொழி என்ன? ‘நம்மவர்க்கு மட்டும்’ என்று நாம் சொன்னாலும் பிறர் சொன்னாலும் சொல் ஒன்றுதான்.

மதத்தையோ நிறத்தையோ காட்டி வீடு மறுப்பதை அமெரிக்கா 1968லேயே சட்டத்தால் தடுத்தது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ ஒப்பந்தம், முன்பணம், காலி செய்தல் பற்றியெல்லாம் விரிவாகப் பேசுகிறது. யாருக்கு வீடு மறுக்கலாகாது என்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை.