வள்ளலும் வரியும்

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர், அறிவுத் துறைக்கு இரண்டு பேரைக் கொடுத்த ஊர். ஒருவர் அழகப்பச் செட்டியார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் எடுத்துக் கொடுத்தவர். ஊரார் சிக்ரி என்று சொல்லும் அந்த ஆய்வகத்துக்கு 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. இன்னொருவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பழைய புத்தகம், வாரப் பத்திரிகை, நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது அந்தச் சேகரிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்துப் பேண முன்வந்ததால் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இரண்டு கதைகளையும் செட்டிநாடு பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. ஆனால் இரண்டிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கொடுக்க ஒரு வள்ளல் இருந்ததால் முதலாவது பிறந்தது. கடல் கடந்து ஒரு பல்கலைக்கழகம் கை நீட்டியதால் இரண்டாவது பிழைத்தது. அப்படி யாரும் வாய்க்காத அறிவுக்கு என்ன வழி? அறிவைப் பொதுவில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது நியாயம்?

இந்தக் கேள்வி இன்று ஆய்விதழ்களின் விஷயத்தில் நெருக்கடியாக எழுந்திருக்கிறது. ஆய்வுக்குப் பெரும்பாலும் பொதுப்பணம் செலவாகிறது. கட்டுரை எழுதும் ஆய்வாளருக்கு இதழ் ஊதியம் தருவதில்லை. அதைப் படித்து மதிப்பிடும் சக ஆய்வாளருக்கும் பொதுவாகத் தருவதில்லை. ஆனாலும் வெளியான கட்டுரையைப் படிக்க நூலகம் சந்தா கட்டியாக வேண்டும். சந்தா இல்லாத கல்லூரியின் மாணவர் ஒற்றைக் கட்டுரைக்கு 30 டாலர், 40 டாலர் என்று கேட்கும் திரையைப் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டியதுதான். எல்லாருக்கும் திறந்து வையுங்கள் என்று 2002-இல் புடாபெஸ்ட் அறிக்கை கேட்டது. வணிகப் பதிப்பகங்கள் பலவும் அதற்குக் கண்டுபிடித்த வழி, படிப்பவரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்குவது. நேச்சர் இதழ் 2021-இல் இதற்கு வைத்த விலை கட்டுரைக்கு 9,500 யூரோ. திட்ட நிதி இல்லாத ஒரு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இது எட்டாத தொகை. முன்பு அவரால் படிக்க முடியவில்லை. இப்போது படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. எனவே மூன்றாவதாக ஒரு வழி உருவானது. நூலகங்கள் பலவும் சேர்ந்து ஓர் இதழின் செலவை ஏற்றுக்கொள்ளும். படிப்பவரும் கட்ட வேண்டாம், எழுதுபவரும் கட்ட வேண்டாம். அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதழ் எப்படியும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கப்போகிறது. அப்படியானால் ஒரு நூலகம் தன் பங்கைக் கட்டாமல் விட்டால் அது தவறா?

தவறில்லை என்பதே பலருடைய முதல் பதிலாக இருக்கும். கட்டினால் நல்லது, கட்டாவிட்டால் குற்றமில்லை. அது கொடை என்பார்கள். இந்தப் பதில் செட்டிநாட்டின் சொந்த அனுபவத்தோடு பொருந்தவில்லை. வள்ளல்களுக்குப் பேர்போன இந்த மண்ணில், தலைமுறை தாண்டி நிலைத்தவை பலவும் வள்ளலை நம்பி நடந்தவை அல்ல. இங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தாரின் நகரக் கோயில்கள் ஒன்பதிலும் மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று எல்லாரும் கட்டுவது புள்ளி வரி. சொத்துக்குத் தக்கபடி கட்டுவது ஆஸ்தி வரி. வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் மகமையும் உண்டு. இந்த ஏற்பாட்டின் நுட்பம் அதன் இரட்டைத் தன்மையில் இருக்கிறது. புள்ளி வரி, ஏழையையும் பங்காளியாக வைத்துக்கொள்கிறது. அவன் கோயிலுக்குக் கடமைப்பட்டவன், அதனாலேயே உரிமையும் உள்ளவன். ஆஸ்தி வரி, இருப்பவன் மேல் கூடுதல் பாரத்தை வைக்கிறது. ஒருவர் கட்டத் தவறினால் அவர் பங்கு மற்றவர்கள் தலையில் விழுகிறது. பலர் சுமக்கும் செலவின் பயனை அனுபவித்துக்கொண்டே, சுமக்க முடிந்தும் விலகி நிற்பவர், கொடை மறுப்பவர் அல்லர்; தன் பாரத்தை அடுத்தவர் தோளுக்கு மாற்றுபவர்.

இந்தக் கருத்து கோயில் சுவருக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. இந்தியாவின் மாநிலங்களிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1948-இல். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு நூலக வரி. இன்று காரைக்குடியில் வீட்டுவரி கட்டுபவர், அந்த வரியில் ரூபாய்க்கு 10 காசு என்ற கணக்கில் நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறார். அவர் வாழ்நாளில் நூலகப் படி ஏறாமலே இருக்கலாம். ‘நான் படிப்பதில்லை, ஏன் கட்ட வேண்டும்’ என்ற வாதத்தைச் சட்டம் கேட்பதில்லை. நூலகத்தால் படித்த மருத்துவரும் ஆசிரியரும் அவர் ஊரிலேதான் வேலை பார்க்கிறார்கள் என்பது அதற்குப் போதும். நூலகம் என்ற அமைப்பே இப்படிப் பலர் கட்டிய பங்கில் நிற்கிறது. அதே நூலகம், ஆய்விதழின் பொதுச்செலவு என்று வரும்போது ‘இலவசமாகக் கிடைப்பதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்’ என்று கேட்டால், தன்னைப் பெற்ற நியாயத்தைத் தானே மறுப்பதாகும்.

ஆனால் கோயில் வரிக்கும் இதழ்ச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நகரத்தார் வரி ஒரு சமூகத்துக்குள் அடங்கியது. கட்டாதவரைக் கேட்க அங்கே ஆள் உண்டு. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரவேண்டும் என்றால் புள்ளிக் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். திறந்த இதழுக்கு அந்தப் பிடி கிடையாது. கட்டாதவருக்குக் கதவைச் சாத்தினால் அது திறந்த இதழே அல்ல. ஆகவே எல்லாரும் ‘மற்றவர் கட்டட்டும்’ என்று ஓசியில் படிக்க, முயற்சியே படுத்துவிடும் என்பது நியாயமான அச்சம். நடந்தவற்றைப் பார்த்தால் அந்த அச்சம் பாதிதான் உண்மை. ஆனுவல் ரிவியூஸ் என்ற இலாப நோக்கில்லாப் பதிப்பகம் எளிய ஒரு நிபந்தனை வைத்தது. பழைய சந்தாதாரர்கள் போதிய அளவில் புதுப்பித்தால் அந்த ஆண்டின் தொகுதி உலகத்துக்கே திறக்கும். புதுப்பிக்காவிட்டால் கட்டியவருக்கு மட்டும். தன் பணம் வீணாகாது என்ற உறுதி இருந்ததால் நூலகங்கள் கட்டின. 2023-இல் அதன் இதழ்கள் அனைத்தும் இந்த முறைக்கு வந்தன. துகள் இயற்பியலில் செர்ன் ஆய்வகம் ஒருங்கிணைக்கும் ஸ்கோப் 3 என்ற கூட்டணி 2014-இல் தொடங்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் முன்பு சந்தாவாகக் கட்டிய பணத்தைத் திருப்பிவிட்டு, அத்துறையின் முக்கிய இதழ்களைத் திறந்து வைத்திருக்கின்றன. ஓசியில் படிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கட்டுபவர்கள் ஏமாளிகள் ஆகாதபடி ஏற்பாட்டை அமைக்க முடியும் என்பதற்கு இவை சான்று. அப்படி அமைந்த பிறகும் வசதியுள்ள நூலகம் ஒதுங்கி நின்றால், ‘எல்லாரும் விட்டார்கள், நானும் விட்டேன்’ என்ற சாக்கு அதற்கு மிஞ்சாது.

அடுத்த தடையை எழுப்புபவர் நூலகரே. அவர் கையில் இருப்பது மாணவர் கட்டிய கட்டணமும் அரசு தந்த மானியமும். தன் வாசகருக்கு வாங்க வேண்டிய பணத்தை உலகத்துக்குச் செலவழித்தால் ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்றுதானே ஆகும்? தணிக்கைக்கு வருபவர் ‘இலவசப் பொருளுக்கு எதற்குப் பணம்’ என்று குறிப்பு எழுதினால் யார் பதில் சொல்வது? இது கோழைத்தனமான கேள்வி அல்ல. பிறர் பணத்தைக் கையாள்பவருக்கு இருக்க வேண்டிய எச்சரிக்கை. அதற்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது. சந்தாவை அப்படியே புதுப்பிக்கும் முறையில் நூலகம் கட்டுவது, தன் வாசகருக்கு அந்த இதழ் தொடர்ந்து வருவதற்கான விலை. உலகம் படிப்பது அதே செலவில் கிடைக்கும் கூடுதல் பயன். தன் நிறுவனத்தின் ஆய்வாளர் எழுதுவதும் அதே முறையில் திறந்தால், இராமநாதபுரத்து உப்பளத்துக்காரரும் இலங்கையின் பொறியியல் மாணவரும் அதைப் படிப்பார்கள். ஒரு கல்வி நிறுவனம் எதற்காக இருக்கிறதோ அந்த வேலை அங்கே நடக்கிறது. தணிக்கைக்குப் பயந்தால், அதற்கான செலவுத் தலைப்பை முன்கூட்டியே விதியில் சேர்ப்பதுதான் வழி.

மூன்றாவது தடை எல்லாவற்றிலும் கனமானது. சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரி நூலகத்தின் பணத்தில் ஹார்வர்டு பேராசிரியர் ஓசியில் படிக்க வேண்டுமா? இல்லாதவன் இருப்பவனுக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? தனித்தனிக் கல்லூரியைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. புத்தகம் வாங்கவே திணறும் நூலகத்துக்கு இந்தக் கடமை கிடையாது. ஸ்கோப் 3 கூட, நாட்டின் பங்கை அங்கிருந்து வரும் கட்டுரைகளின் எண்ணிக்கைப்படி கணக்கிட்டு, கட்ட முடியாத நாடுகளுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் இந்தியா என்ற கூட்டு வாங்குபவர் ஏழை அல்லர். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் தொகை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு இதனால் கிடைக்கின்றன. பயன் பெரியது, மறுப்பதற்கில்லை. ஆயினும் இது பூட்டைத் திறக்கும் பணம் அன்று. ஒரு சாராருக்குச் சாவி வாங்கும் பணம். திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது என்பதால், ஒரே ஊரில் சிக்ரி ஆய்வாளர் உள்ளே இருக்க, சுயநிதிக் கல்லூரி மாணவர் வெளியே நிற்கிறார். கட்டுவதை நிறுத்தினால் சாவியும் போகும்.

கட்டாமல் விடுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. யார் கட்டுகிறார்களோ அவர்கள்தான் எதைத் திறப்பது என்று முடிவு செய்கிறார்கள். தெற்காசியத் திறந்த ஆவணக்காப்பகம் என்ற கூட்டு முயற்சியை எடுத்துக்கொள்ளலாம். உறுப்பு நூலகங்கள் பணம் போட்டு, தெற்காசியாவின் பழைய நூல்களையும் இதழ்களையும் அறிக்கைகளையும் மின்வடிவாக்கி, ஜேஸ்டோர் தளத்தில் யாரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கின்றன. ரோஜா முத்தையா நூலகம் அதில் பங்காளி. நன்றியோடு ஏற்க வேண்டிய வேலைதான். ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் பெரும் பங்கு மேலைநாட்டு நூலகங்களிடமிருந்தே வந்துகொண்டிருந்தால், தமிழில் எது முதலில் திறக்க வேண்டும் என்பதையும் அவர்களுடைய ஆய்வுத் தேவையே தீர்மானிக்கும். தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றின் பழைய இதழ்களை எவரும் தேடாமல் விட்டால், அதற்காகச் சிகாகோவைக் குறை சொல்ல முடியாது. புள்ளி வரி கட்டாத வீட்டுக்குக் கோயில் கூட்டத்தில் பேச்சு இருக்காது.

கட்டும் கடமை உண்டு என்றால், கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. நூலகங்கள் சேர்ந்து புத்தகங்களைத் திறப்பதற்காக 2012-இல் தொடங்கிய நாலெட்ஜ் அன்லாட்ச்டு என்ற அமைப்பை 2021 டிசம்பரில் வைலி என்ற வணிகப் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. பலர் சேர்ந்து வளர்த்த ஏற்பாடு ஒருவர் கைக்குப் போக முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஆகவே கடமை கண்மூடித்தனமானது அல்ல. வரவு செலவை வெளியிடாத, விற்க முடியாதபடி சட்டத்தால் கட்டுப்படாத, பணம் போட்டவருக்கு நிர்வாகத்தில் இடம் தராத கூட்டணியில் சேராமல் இருப்பது தவறில்லை. ஆனால் ஒன்று ஏமாற்றியது என்பதற்காக எல்லாவற்றையும் விட்டு விலகுவது, கணக்கு சரியில்லை என்று சொல்லிக் கோயிலையே பூட்டுவதற்குச் சமம்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு ஒதுக்கிய மூன்று ஆண்டுகள் 2027-உடன் முடிகின்றன. அடுத்த ஒப்பந்தம் பேசும்போது, தொகையில் நூற்றுக்கு ஒன்று என்று ஒதுக்கினாலே ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஆகும். படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் பணம் கேட்காத இதழ்களுக்கு, அவற்றில் இந்திய மொழிகளில் வரும் ஆய்விதழ்களுக்கும் சேர்த்து, அதைப் பங்காகக் கட்ட முடியும். தொகையைவிட முக்கியம், அது ஆண்டுதோறும் தவறாமல் வருவது. அழகப்பர் கொடுத்தது ஒரு மனிதரின் மனம். அந்த மனம் அடுத்த தலைமுறையிலும் பிறக்கும் என்று எந்த நாடும் திட்டம் போட முடியாது. வரி போட முடியும். கட்ட வசதியுள்ள நூலகமும் அரசும் அந்த வரியைத் தாமாகவே தமக்கு விதித்துக்கொள்வதுதான் முறை.