திங்களூர்த் தண்ணீர்ப்பந்தரும் அயலார் உறவும்



சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியர் அறங்களைத் தொகுத்தோதும் இடம் ஒன்றுண்டு. ஆண்டுத் தவம், துறவு, அருச்சனை என்னும் பெருநெறிகளோடு உபசாரம், உறவு என்னும் இரண்டினையும் ஆசிரியர் ஒருங்கு வைத்தருளினார். பாடங் கேட்கும் மாணாக்கர் தவத்தின் இலக்கணம் யாது, துறவின் வகை எத்துணை என்று எம்மைப் பலகால் வினவுவர். உறவு என்னுஞ் சொல்லில் நின்று வினவினாரை யாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். சுற்றத்தாரோடு கூடியிருத்தல் யாவர்க்கும் இயல்பாகலின் அதனை அறமென விதிக்க வேண்டுவதில்லை. பிறப்பால் தொடர்பிலாதாரைத் தொடர்புடையாராகக் கொண்டொழுகுதலே ஈண்டு உறவெனப்பட்டது என்பது எம் கருத்து. அங்ஙனம் ஒழுகுதற்கு முதற்கண் வாய்ப்பவர் அயல்மனையாரன்றோ?

இதற்கு ஒரு தடை நிகழும். "அடியார்க்குச் செய்வது சிவபுண்ணியம். தெருவார்க்கு மோரும் கறிவேப்பிலையும் கொடுத்தல் பசுபுண்ணியம். அது போகந் தந்து அழிவது. வீடுபேறு வேண்டுவார் அதிற் காலங் கழித்தல் எற்றுக்கு?" என்பர் நூல்வல்லார் சிலர். தடை வலியுடையதே. அதற்கு விடை திங்களூரில் உளது.

அப்பூதியடிகள் தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசர் திருப்பெயரைத் தம் மக்களுக்கும், ஆனிரைக்கும், வீட்டிலுள்ள அளவைகளுக்கும் இட்டு, வழிமேல் வைத்த தண்ணீர்ப்பந்தரிலும் அப்பெயரையே எழுதினார் என்பது 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய வரலாறு. பந்தர்வாயிலில் நீறும் கண்டிகையும் நோக்கி நீர்வார்த்தார் என்று சேக்கிழார் கூறிற்றிலர். இஃதன்றி மற்றொன்றும் உண்டு. அப்பெயர்க்குரியாரே வழிப்போக்கராய் அங்கு வந்தபொழுது அவரை அறிந்தார் எவருமிலர். 'நும் பெயரெழுதாது வேறொரு பெயரெழுதியது என்னை?' என அவர் வினவ, அப்பூதியடிகள் வெகுண்டார். வந்தவர் தம்மை உணர்த்திய பின் அடியில் வீழ்ந்தார். வருபவர் இன்னாரென அறிந்து கொடுத்தல் அவ்வடிகட்கே இயலாதாயின் நமக்கு இயலுமோ? அடியாரை விலக்காதிருத்தற்கு வழி, ஒருவரையும் விலக்காதிருத்தலே.

இனி, ஒரு செயலைப் பசுபுண்ணியமாக்குவது அதன் சிறுமையன்று. 'யான் செய்தேன்' என்னும் முனைப்பாம். பந்தரில் தம் பெயரை எழுதாமையால் அம்முனைப்பு நிற்க இடமின்றாயிற்று. நீருண்டவன் அப்பூதியார்க்குக் கடன்பட்டவனாகான். தெருவில் நட்புக் கெடுவது பெரும்பாலும் இக்கடனாலேதான். இவ்வில்லத்தார் கொடுத்த ஆழாக்கு அரிசியும், அவ்வில்லத்தார் வாராதொழிந்த திருமணமும் மனக்கணக்கில் ஏறிவிடின், ஒரு சுவர்க்கு இருபுறத்தும் இருபது ஆண்டு பேச்சின்றி வாழ்வாருளர். நம் பாட்டிமார் இதனை நன்கறிவர். அயலில்லத்துப் பாத்திரத்தை அவர் வெறிதே திருப்பார். ஒருபிடி கீரையேனும் இட்டனுப்புவர். கடனைத் தீர்த்துக்கொள்ளும் கருத்து அதில் இல்லை. மீட்டும் ஒருமுறை கதவு திறத்தற்கு அஃதொரு ஏதுவாகும். சாத்திரம் பயிலாத அவர்பால் இவ்வறிவு இருந்தமை வியக்கத்தக்கதே.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடையாறு கரைபுரண்டு சென்னைத் தெருக்களிற் புகுந்தபொழுது, மீனவர் தம் படகுகளைக் கொணர்ந்து முன்பின் அறியாதாரை ஏற்றிக் காத்தனர். பல இல்லத்தார் அயலாரை மேன்மாடங்களில் வைத்து உணவளித்தனர். அது போற்றற்குரியது. எனினும், அப்பூதியடிகளின் பந்தர் இடர்வந்த நாளுக்கென வைத்ததன்று. வழிநடப்பார்க்கு நீர்வேட்கை நாடோறும் உளதாகலின் அதுவும் நாடோறும் நின்றது.

சித்திரைச் சதயத்தில் வரும் அப்பர் குருபூசை கோடைக்காலத்ததே. திருமடங்களும் சைவ சபைகளும் அன்று தொடங்கிக் கோடை கழியுமளவும் தத்தம் தெருமுகப்பில் நீர்ப்பந்தர் வைக்கலாம். கொடுத்தார் பெயர்ப்பலகை அதில் வேண்டா. பந்தருக்கு நடந்துவர இயலாத முதியோர் எவ்வெவ்வில்லத்தில் உளர் என்பதை அத்தெருவாரே அறிவர். அவரை வினவியறிந்து, அவ்வில்லங்கட்கு நீரும் மோரும் எடுத்துச் செல்லும் பணியைப் பாடங்கேட்கும் மாணாக்கரிடம் ஒப்புவித்தல் தகும்.