ஏட்டிலே உறுதி, எல்லையிலே பீரங்கி!

"சொன்ன சொல்லை மீறியவன் வலிமை மிக்கவனாக இருந்தால், அவனைக் கேட்பவர் யார், ஐயா?"

வரலாற்றுப் பாடம் முடிந்து, மணியும் அடித்து, மாணவர்கள் புத்தகங்களை மூடிக்கொண்டிருந்த வேளையிலே, கடைசி வரிசையிலிருந்து எழுந்த கேள்வி இது. உக்ரைன் நாட்டின் கதையைத்தான் அன்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். கேள்வி எழுந்தது; விடை எழவில்லை. நாளை சொல்கிறோம் என்று கூறி நடந்தோம். வீடுவரை நம்முடனே நடந்து வந்தது அந்தக் கேள்வி. சிறுவன் கேட்டதுதான், ஆனால் பேரரசுகள் விடை தரவேண்டிய கேள்வி!

கதையைச் சுருக்கிச் சொல்வோம். 1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் சிதறிற்று. பாகப்பிரிவினையிலே உக்ரைன் மண்ணிலே கிடந்தது பயங்கரமானதோர் உடைமை. கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176. நெடுந்தொலைவு சென்று தாக்கும் அணுகுண்டுகள் ஏறத்தாழ 1,900. உலகிலேயே மூன்றாவது பெரிய அணுக்குவியல்! அதைக் கைவிடுமாறு வல்லரசுகள் வற்புறுத்தின. கைவிட்டபின் தனக்குக் காவல் எது என்று உக்ரைன் கேட்டது. காவலுக்கு ஓர் ஏடு தந்தனர்.

1994 டிசம்பர் 5. ஹங்கேரியின் தலைநகரமாம் புடாபெஸ்ட். அமெரிக்காவின் கிளிண்டன், ரஷ்யாவின் எல்த்சின், பிரிட்டனின் மேஜர், உக்ரைனின் குச்மா ஆகிய நால்வரும் கையொப்பமிட்டனர். உக்ரைனின் உரிமையையும் அன்றிருந்த எல்லையையும் மதிப்பது, படைவலி காட்டி அதனை மிரட்டாதிருப்பது, பொருளாதார நெருக்கடி தந்து பணிய வைக்காதிருப்பது: இவை அந்த ஏட்டின் சாரம். 1996 ஜூன் திங்களுக்குள் கடைசிக் குண்டும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவன் சொல் காத்தான். வாங்கியவன்?

2014ஆம் ஆண்டிலே கிரிமியா பறிபோயிற்று. 2022 பிப்ரவரி 24 விடியலிலே, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் படைகள் புகுந்தன. ஏடு பத்திரமாக இருந்தது, எல்லைதான் இல்லை!

இதைக் கண்டு உலகம் மூன்று விதமாகப் பேசுகிறது. மூன்றையும் பகுத்தறிவுத் தராசிலே நிறுத்துப் பார்ப்பது நம் கடமை.

முதற்குரல், வலியவன் வகுத்ததே வாய்க்கால் என்பது. இது பழங்குரல். கி.மு. 416இல், மெலோஸ் எனும் சிறுதீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டபோது, நீதி என்பது சமவலிமை உடையோருக்கிடையே மட்டும் பேசத்தக்கது என்னும் கருத்தைத் தூதர் வாயிலாகச் சொல்லியனுப்பிற்று என்று எழுதிவைத்தார் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ். தீவு பணியவில்லை. ஆண்கள் கொல்லப்பட்டனர்; பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாயினர். இதுதான் உலக நியதி, இதற்கு மேல் அறம் பேசுவது வெறுங்கனவு என்கின்றனர் சிலர்.

நாம் கேட்கிறோம்: உறுதிமொழி வெறும் காற்று என்றால், அதை மீறியவன் ஏன் சாக்குத் தேடவேண்டும்? 2014இல் கீவ் நகரிலே ஆட்சி மாறியதும், இது புதிய அரசு, இதனோடு தாம் ஒப்பந்தம் செய்யவில்லை எனும் பொருள்படப் பேசினார் புதின். அணுகுண்டு வீசமாட்டோம் என்பதற்கு மட்டுமே பொறுப்பேற்றோம் என்று பின்னாளிலே வாதிட்டார் அவருடைய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ். பீரங்கி இருக்கிறது, படை இருக்கிறது. பிறகு வாதம் எதற்கு? வாக்கு மீறல் இழிவு என்பதை மீறியவனும் அறிவான், அதனாலேதான் வாதம்! திருடன் இருளைத் தேடுவதே, திருட்டு குற்றம் என்பதற்குச் சான்று. தண்டிக்க ஆளில்லை என்பதால் குற்றம் குற்றமாகாமல் போய்விடாது. தண்டனை வேறு, கடமை வேறு. ஆளில்லாத வீட்டிலே புகுந்து எடுத்தாலும் அதன் பெயர் திருட்டுதான்.

இரண்டாம் குரல், குண்டைக் கொடுத்தது மடமை, வைத்திருந்தால் யார் தொட்டிருப்பார் என்பது. இக்குரலை நாம் எளிதிலே எள்ளி நகையாட மாட்டோம். நிலவறையிலே குழந்தையை மடியில் கிடத்தி, வானத்து உறுமலைக் கேட்டுக் கிடக்கும் தாய் அப்படி எண்ணினால், மின்விசிறிக்கடியிலே அமர்ந்து அவளுக்கு அறம் போதிக்க நாம் யார்? ஆயினும் உண்மையை உரைத்தாக வேண்டும். குண்டுகள் உக்ரைன் மண்ணிலே இருந்தன. அவற்றை ஏவும் அதிகாரமோ மாஸ்கோவிலே இருந்தது. அவற்றைப் பேணும் பொருள்வலியும் அந்த நாளிலே உக்ரைனுக்கு இல்லை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த புண் ஆறாத நாடு அது.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும் ஒன்று எஞ்சுகிறது. அணுகுண்டினாலே வரும் பாதுகாப்பு எத்தகையது? என்னைத் தொட்டால் உன் ஊரிலே ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளைப் பொசுக்குவேன் என்னும் மிரட்டல்தானே அது? 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்ததைக் கண்டபின்னும் அதனைக் காவல் என்று அழைக்க நம் நா கூசுகிறது. இன்று ஒன்பது நாடுகளிடம் அந்தக் கொடுமை இருக்கிறது. ஒன்பது தொண்ணூறானால் உலகம் பத்து மடங்கு பாதுகாப்பு அடையுமா, பத்து மடங்கு ஆபத்து அடையுமா?

இங்கேதான் வாக்கு மீறியவனின் முழுக்குற்றமும் விளங்குகிறது. அவன் வஞ்சித்தது உக்ரைனை மட்டுமல்ல. குண்டைக் கைவிட எண்ணும் ஒவ்வொரு நாட்டுக்கும் அவன் தந்திருக்கும் பாடம்: கொடுக்காதே, கொடுத்தால் கெடுவாய் என்பது. 2003இல் அணு ஆயுதத் திட்டத்தைத் துறந்தது லிபியா. 2011இல் மேலைநாட்டு விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. ஆட்சித் தலைவர் கடாபி கொல்லப்பட்டார். அவர் கொடுங்கோலர்தான், ஆனால் குண்டை நம்பும் கொடுங்கோலர்கள் அதிலிருந்து கற்றது என்ன? ஒருவன் முறிக்கும் வாக்கு, ஊரார் அனைவரின் வாக்கையும் செல்லாக்காசு ஆக்குகிறது. கடன் வாங்கி ஏமாற்றியவன், கடன் கொடுத்தவனுக்கு மட்டுமா கேடு செய்தான்? அடுத்து வரும் ஏழைக்குக் கடன் கிடைக்காமலும் அல்லவா செய்துவிட்டான்!

தராசு ஒன்றாக இருக்கவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். புடாபெஸ்ட் ஏட்டிலே கையொப்பமிட்ட அமெரிக்காவும் பிரிட்டனும், 2003இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதல் இன்றியே ஈராக்கின்மீது படையெடுத்தன. இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதக்குவியல் அங்கே கிடைக்கவே இல்லை. ஈராக்கிலே பேசி உக்ரைனிலே ஊமையாவதும், உக்ரைனிலே பேசி ஈராக்கிலே ஊமையாவதும் பகுத்தறிவு அல்ல, கட்சிப்பற்று!

மூன்றாம் குரல், நமக்கேன் வம்பு என்பது. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுப்பேரவையிலே 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. 35 நாடுகள் வாக்களிக்காது ஒதுங்கின. அந்த 35இலே இந்தியாவும் ஒன்று. காரணங்கள் இருந்தன. நம் படைக்கருவிகளிலே பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. மருத்துவம் படிக்கப்போன நம் பிள்ளைகள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களிலே உண்டு, அந்த வேளையிலே உக்ரைன் நகரங்களிலே சிக்கியிருந்தனர். அரசுக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கிலே கருணையும் சில நேரம் கலந்திருக்கும். ஆனால் தோழர்களே, அரசு வாக்களிக்காதிருக்கலாம், அறிவு வாக்களிக்காதிருக்கலாமா? தூதருக்கு மௌனம் தொழில்முறை. குடிமகனுக்கு மௌனம் உடந்தை. அரசு ஒதுங்கிவிட்டது என்பதற்காக நம் உள்ளமும் ஒதுங்கிவிடுமானால், சிந்திக்கும் உரிமையை நாமே வலியச் சென்று ஒப்படைத்தவர் ஆவோம்.

சரி, கடமை உண்டு என்று நிறுவிவிட்டோம். கடமை மட்டும் எல்லையைக் காக்குமா? காக்காது. ஏட்டின் குறைகளை எண்ணிப் பாருங்கள். ஆங்கில ஏட்டிலே இருந்த சொல் 'உறுதியளிப்பு' என்ற அளவினது. உக்ரைன் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் இருந்த சொல்லோ 'பிணை' என்று பொருள் தருவது. மொழிக்கு மொழி சொல் கனம் மாறிற்று! மீறினால் என்ன செய்வது? கூடிக் கலந்து பேசுவது என்றது ஏடு. தீர்ப்புக்கு எங்கே போவது? பாதுகாப்பு மன்றம் போகவேண்டும். 2022 பிப்ரவரி 25 அன்று போயினர். மன்றத்தின் 15 நாடுகளிலே 11 நாடுகள் தீர்மானத்தை ஆதரித்தன. 3 நாடுகள் ஒதுங்கின. எதிர்த்தது ரஷ்யா ஒன்றே. அதனிடம் வீட்டோ எனும் தடுப்புரிமை இருந்தது, தீர்மானம் வீழ்ந்தது. அந்தத் திங்களிலே மன்றத்தின் தலைமை நாற்காலியிலே இருந்ததும் ரஷ்யாவே! குற்றவாளிக் கூண்டிலே நிற்கவேண்டியவன், நீதிபதியின் இருக்கையிலே! வேடிக்கை அல்ல இது. 1945இலிருந்து ஐந்து நாடுகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்ட பிறப்புரிமை. பிறப்பால் உயர்வு என்பதை ஊரிலே ஒப்பாத நாம், உலகிலே ஒப்பலாமா?

நிலையான அமைதி பற்றி 1795இல் நூல் எழுதினார் கான்ட் எனும் அறிஞர். பின்னொரு போருக்கு உள்ளத்திலே இடம் ஒதுக்கிவைத்து எழுதும் உடன்படிக்கை அமைதியே அல்ல என்பது அவர் கருத்து. அவர் பிறந்து வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் நகரம் இன்று காலினின்கிராட் என்ற பெயரிலே ரஷ்யாவின் நகரம். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கல்லறையைக் காப்பது எளிது. கருத்தைக் காப்பதுதான் கடினம்.

கடினம், ஆனால் முடியாததல்ல. 2022 மார்ச் 16 அன்று உலக நீதிமன்றம், படை நடவடிக்கையை நிறுத்துமாறு 13க்கு 2 என்ற கணக்கிலே ஆணையிட்டது. ஆணை மதிக்கப்படவில்லை, ஆயினும் குற்றம் குற்றமென்று எழுதப்பட்டுவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று பொதுப்பேரவை ஒரு விதி செய்தது. எந்த நாடு வீட்டோவைப் பயன்படுத்தினாலும், பத்து வேலை நாட்களுக்குள் பேரவை கூடி அதுபற்றி விவாதிக்க வேண்டும் என்பது அது. சிறிய படி. ஆனால் மன்னனையும் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்கலாம் என்ற நிலையும் ஒரே நாளிலே வந்ததல்லவே. சிறுசிறு படிகளாகத்தானே வந்தது.

மறுநாள் அந்த மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "தம்பி, கேட்பவர் இன்று இல்லை. அதனால் கேள்வி தவறாகிவிடாது. கேட்பவரை உண்டாக்குவதே நம் வேலை. நீ கேட்டாயே, அதுதான் தொடக்கம்."

கேட்டுக்கொண்டே இருப்போம்! எவர் மீறினாலும், ஒரே தராசிலே நிறுத்து, ஒரே குரலிலே கேட்போம்! பீரங்கி எல்லையைத் தாண்டலாம். கேள்வியைத் தாண்ட அதனால் ஆகாது.