மலையை விட்டு இறங்கும் கன்று

திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காட்டில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. பைனைப் போலவே பூக்காமல் கூம்பு விடும் சைகஸ் பெட்டோமி என்ற செடி அங்கு உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியைத் தவிர வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. மண் சரிந்து வேர் வெளியே தெரியக் கிடக்கும் அதன் கன்றை ஒருவர் வீட்டுக்கு எடுத்துவந்து மரமாக்கினால் அது காப்பதா, கவர்வதா?

வைணவத்துக்கு இது பழகிய கேள்வி. திருமலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பதால் அங்கே யாரும் பூச்சூடுவதில்லை. குலசேகராழ்வார் அம்மலையில் மீனாகவோ மரமாகவோ படியாகவோ கிடக்க வரம் கேட்டார். இராமானுசரின் சீடர் அனந்தாழ்வான் மலையிறங்கி வந்து கட்டுசாதத்தை அவிழ்த்தபோது அதில் எறும்புகள் இருக்கக் கண்டு, மறுபடி மலையேறி அவற்றை விட்டுவந்தார் என்று சொல்வார்கள். அப்படி வரம் கேட்டு எறும்பாய்ப் பிறந்த அடியாரை ஊர் கடத்திவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. எறும்புக்குள்ள நியாயம் கன்றுக்கும் உண்டு.

மறுதரப்பும் லேசானதல்ல. உலகம் முழுவதும் இறைவனின் உடல் என்பது இராமானுச தரிசனம். அப்படியானால் கன்றை எடுத்துவந்த வீட்டுக் கொல்லையும் அவன் உடலே. அனந்தாழ்வான் திருமலைக்குப் போனதே நந்தவனம் வைக்கத்தான். வாடும் ஓரறிவுயிருக்குத் தண்ணீர் ஊற்றுவது எந்தச் சமயத்திலும் பாவமாகாது.

வழக்கைத் தீர்க்க உதவுவது அந்தச் செடியின் இயல்பு. மண்ணின் மேல்மட்டத்தில் பவளக்கொத்துப் போல் கிளைக்கும் அதன் வேர்களில் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து நைட்ரஜன் சேர்த்துத் தருகிறது. நீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் இருந்தால் கொல்லையிலும் மெல்ல மெல்ல வளரும். ஆனால் ஆண் வேறு, பெண் வேறு மரம். தனியாக நிற்கும் ஒன்று எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் முளைக்கும் விதை தராது. உயிர் பிழைத்தும் குலம் அதோடு முடியும். மலையிலோ, அதே கன்று பிழைத்திருந்தால் ஒரு கூட்டத்தின் அங்கம். உயிரைக் காத்தால் போதும் என்ற வாதம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

சட்டம் மலையின் பக்கம் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்த்த பிரிவுகள், பட்டியலிட்ட தாவரங்களைக் காட்டிலிருந்து பிடுங்குவதையும் உரிமமின்றி வளர்ப்பதையும் தடுக்கின்றன. பெட்டோமி அந்தப் பட்டியலில் உள்ளது. சரிவில் கன்றைக் கண்டவர் வனத்துறைக்குச் சொல்லலாம், வேரை மண்ணால் மூடிவிட்டும் வரலாம். பின்னது கைங்கரியத்துக்கு நெருக்கமானது.