தோற்றுப்போன மசோதா

நீதிக்காகப் பேசும் பொருட்டு ஒருவர் அதிகாரத்தின் அவைக்குள் நுழைகிறார், தோற்றுப் போகிறார், வெளியேறுகிறார். அவர் வெளியேறியது மனச்சாட்சியின் செயலா, பொறுப்பைக் கைவிட்ட செயலா?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1855இல் பிறந்த யூஜின் டெப்ஸின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கிறது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ரயில் பணிமனைக்கு வேலைக்குச் சென்றவர் அவர். பின்னர் நீராவி எஞ்சினில் ஃபயர்மேன் ஆனார். அவ்வேலையை விட்ட பிறகும் ஃபயர்மேன்களின் சங்கத்தில் இணைந்து, அதன் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார்.

அக்காலத்தில் ரயில் பெட்டிகளைக் கையாலேயே இணைத்தனர். நகர்ந்து வரும் பெட்டிகளுக்கு நடுவே நின்ற தொழிலாளி, கணநேரம் பிசகினால் விரலையோ உயிரையோ இழந்தான். ஆபத்தை அறிந்தேதான் வேலைக்கு வந்தான் என்று நிர்வாகங்கள் வாதிட்டன. நீதிமன்றங்களும் அவ்வாதத்தை ஏற்றுவந்தன.

1884இல் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெப்ஸ், காயமுற்ற தொழிலாளருக்கு ரயில்வே நிறுவனங்கள் ஈடு வழங்க வேண்டுமென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கீழவை அதனை ஏற்றது. மேலவையோ அதன் உயிர்நாடியை அறுத்துவிட்டது. மனம் கசந்த டெப்ஸ் மீண்டும் அப்பதவியை நாடவில்லை.

கறைபடாமல் வெளியேறினார் என்று அவரைப் புகழ்வது எளிது. ஆனால் தானே இணைந்துகொள்ளும் கப்ளிங்கைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893இல் நிறைவேறியது. நிர்வாகத்தின் கவனக்குறைவால் காயமுற்ற ரயில்வே தொழிலாளி இழப்பீடு கோரும் உரிமை 1908இல் நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. இவை மன்றங்களில் சலியாது வாதாடியோரின்றி வந்திருக்க இயலாது. இடைப்பட்ட ஆண்டுகளில் விரல் இழந்தவனுக்கு இன்னொருவரின் தூய்மையால் என்ன பயன்?

லூக்கா நற்செய்தியில் இயேசு கூறிய கைம்பெண்ணை எண்ணிப் பார்ப்போம். கடவுளுக்கு அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவரிடம் அவள் நீதி கேட்டுத் திரும்பத் திரும்பச் சென்றாள். முதல் மறுப்போடு வீடு திரும்பியிருந்தால் அவளுக்கு நீதி கிடைத்திராது. எனினும் அவள் நடுவரின் இருக்கையில் அமரவில்லை. வெளியே நின்றுதான் கேட்டாள். ஆகவே விடாமுயற்சி என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்ததன்று.

டெப்ஸும் அவையை விட்டாரேயன்றித் தொழிலாளரை விடவில்லை. 1894இல் சிகாகோவின் புல்மன் தொழிற்சாலைத் தொழிலாளருக்காக ரயில் ஊழியரைத் திரட்டி நின்றார். அதற்காகச் சிறை சென்றார். போரை எதிர்த்துப் பேசியதற்காக 1918இல் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். 1920இல் சிறையிலிருந்தே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். தாம் கொடுத்த விலையால் அவர் தம் வெளியேற்றத்திற்குப் பொருள் தந்தார்.

தொழிலாளர் சங்கம் அமைப்பது இயல்பான உரிமை என்றும், எளியோரைக் காப்பது அரசின் கடமை என்றும் 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தம் சுற்றுமடலில் கற்பித்தார். சிகாகோவில் பிறந்த திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025இல் அப்பெயரைத் தாம் ஏற்றதற்கு அம்மடலையே முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டார்.

நம்மில் பலர் பங்குப் பேரவையிலோ ஊராட்சியிலோ சங்கத்திலோ ஒருமுறை தோற்றதும், "இனி நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கத்திற்கு மனச்சாட்சி என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். அவையை விட்டு வெளியேறுவது சில வேளைகளில் முறையே. ஆனால் வெளியேறியபின் எந்தக் கதவைத் தட்டினோம் என்று விரல் இழந்த அந்த மனிதன் கேட்டால், நம்மிடம் மறுமொழி உண்டா?