நடுகல் காட்டும் நெறி: போர் வீரரைப் போற்றுதல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

போரில் உயிர் துறந்தவரைப் போற்றுதல் மிகப் பழைய மானுட வழக்கங்களுள் ஒன்று. அவ்வீரரை நேரில் அறிந்தவர்க்கு அது துயரின் வெளிப்பாடு; அவர்தம் மக்களுக்குக் குடும்ப வரலாறு; அடுத்தடுத்த தலைமுறையினர்க்கோ பெயர் பொறித்த கல் மட்டுமே எஞ்சுகிறது. தாம் கண்டறியாத ஒருவர்க்கு, அதிலும் தாம் ஏற்காத அரசொன்றின் கொடியின்கீழ்ப் பொருது மடிந்த ஒருவர்க்கு, பின்வந்தோர் பட்டிருக்கும் கடன் யாது? போரின் காரணத்தை ஏற்க இயலாதபோதும் வீரனைப் போற்றுதல் முறையாகுமா? இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டு இந்திய வரலாற்றையும் தமிழரின் நடுகல் மரபையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை மறதி

முதல் உலகப் போரில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணியாற்றினர். பிரான்சு, மெசபொத்தேமியா, பாலத்தீனம், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல களங்களில் அவர்கள் மாண்டனர். அவர்தம் நினைவாக எழுப்பப்பெற்று 1931இல் திறக்கப்பட்ட புதுதில்லி இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் இந்தியப் படையின் எண்ணிக்கை ஏறத்தாழ 25 இலட்சமாக உயர்ந்தது. இப்படைக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. எனினும் ஊதியத் தேவையும் குடிவழக்கும் பலரைப் படைக்குச் செலுத்தின.

அதே போரில் நேதாஜி சுபாஷ் சந்திர போசின் தலைமையில் இந்திய தேசிய இராணுவம் ஆங்கிலேயரை எதிர்த்துப் பொருதது. மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர், பெண்கள் உட்பட, அதில் சேர்ந்தனர். 1944இல் இம்பால், கோகிமாப் போர் நிகழ்ந்தபோது இருதரப்பிலும் இந்தியர் நின்றனர்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் இவ்விரு சாராரும் வெவ்வேறு காரணத்தால் ஒதுக்கப்பட்டனர். ஒரு சாரார் அயலாட்சிக்காகப் பொருதவர் ஆதலின் விடுதலை வரலாற்றில் அவர்க்கு இடம் அரிதாயிற்று. மற்றொரு சாரார் மக்கள் மனத்தில் வீரராய் விளங்கினும் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1972இல் தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டமே அவர்க்கு முறையான ஏற்பளித்தது. இவ்விருவகை மறதிக்கும் அடிப்படை ஒன்றே: போரின் நியாயத்தை அளவுகோலாகக் கொண்டு வீரனை அளத்தல்.

நடுகல் தரும் விடை

தமிழ் மரபு இவ்வளவுகோலை ஏற்கவில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் நடுகல்லின் படிநிலைகளைத் தொல்காப்பியர் வெட்சித்திணையில் வைக்கிறார். பிற்கால இலக்கணமாகிய புறப்பொருள் வெண்பாமாலை நிரை கவர்தலை வெட்சி எனவும் நிரை மீட்டலைக் கரந்தை எனவும் இரு திணையாகப் பிரிக்கிறது. தொல்காப்பியத்திலோ கரந்தை வெட்சியுள் அடங்குகிறது. ஆகவே கவர்ந்தவர், மீட்டவர் ஆகிய இருதிறத்தார் செயலும் அடங்கிய ஒரே திணையில் கல் நடுதல் இடம்பெறுகிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள் இங்கு நினைக்கத்தக்கவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவனின் கல் எனப் பொருள் கொள்ளப்படுகிறது. ஆகோள் என்பது நிரை கவர்தல். அவன் கவர்ந்தவருள் ஒருவனா, காத்தவருள் ஒருவனா என்பதைக் கல் வெளிப்படக் கூறவில்லை. அவன் பெயரையும் ஊரையும் நிகழ்வையும் மட்டும் கூறி அமைகிறது. அவன் நின்ற பக்கத்தை ஆராய்ந்து அதன்பின் நினைக்குமாறு அக்கல் நம்மைக் கேட்கவில்லை.

எதிர்வாதம்

காரணத்தைப் பாராது வீரனைப் போற்றின் போரையே போற்றியதாகாதா என்னும் தடை இங்கு எழும். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. நினைவுச் சின்னங்களை அடுத்த போருக்கு ஆள்திரட்டும் கருவியாக்கிய அரசுகள் பல. எனினும் வீரனைப் போற்றுதலும் போரை ஏற்றலும் வேறு வேறு செயல்கள். வீரத்தைப் பாடிய புறநானூற்றிலேயே, உறையூர் முற்றுகையின்போது நலங்கிள்ளியையும் நெடுங்கிள்ளியையும் போர் ஒழிக எனக் கோவூர்கிழார் இடித்துரைத்த பாடலும் உண்டு. புலவர் தீர்ப்பு மன்னரை நோக்கியது; களத்தில் வீழ்ந்த மறவனை நோக்கியதன்று. போரைத் தொடங்கியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அதில் இறந்தவரிடம் கேட்பது முறையன்று.

பெயரும் பிழைப்பும்

கல்லோடு கடன் முடிவதில்லை. வீரன் இறந்தபின் அவன் குடும்பத்தார்க்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி எனக் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பது குருதி. கன்னடக் கல்வெட்டுகளில் வரும் நெத்தரு கொடகை என்பதும் இப்பொருளதே. புண்பட்டு மீண்டவனை மனைவி காத்தலைத் தொடாக்காஞ்சி என்னும் துறை பேசுகிறது. மாண்டவனுக்குக் கல், குடும்பத்திற்கு நிலம், மீண்டவனுக்குப் பேணுதல் என மூவகைக் கடனும் பண்டையோரால் உணரப்பட்டிருந்தன. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்னும் முன்னாள் படைவீரரின் நெடுநாள் கோரிக்கைக்கு 2015இல்தான் அரசாணை பிறந்தது. இதனை நினைக்கும்போது, நிலம் விட்ட ஊராரின் நேர்மை நமக்கு அளவுகோலாகிறது.

முடிவுரை

விடுதலைக்குப்பின் மாண்ட வீரர்க்கான தேசியப் போர் நினைவுச் சின்னம் 2019இல் புதுதில்லியில் திறக்கப்பட்டது. இந்தியா கேட்டில் 1972 முதல் எரிந்த சுடர் 2022இல் அங்குள்ள சுடருடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டில், ஒருகாலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை நின்ற மண்டபத்தில் நேதாஜியின் சிலை நிறுவப்பட்டது. ஆங்கிலேயப் படையில் மடிந்தவரின் பெயர்களும் ஆங்கிலேயரை எதிர்த்த தலைவரின் உருவமும் இன்று ஒரே வீதியில் அருகருகே உள்ளன. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்க வேண்டும் என்பார்க்கு இவ்விடம் முரணாகத் தோன்றும். வெட்சியையும் கரந்தையையும் ஒரே திணையில் வைத்த மரபினர்க்கு இது முரணன்று. பெயரை மறவாதிருத்தலும், மீண்டவரையும் எஞ்சியோரையும் காத்தலும் பின்வந்தோர் கடன். அப்போர் நிகழ்ந்திருக்க வேண்டுமா என ஆராய்தலும் அவர்க்கே உரியது. அவ்வாராய்ச்சியின் முடிவு எதுவாயினும் முதலிரண்டு கடன்களும் குறைவதில்லை.