மனமும் சாட்சியும்

சில சொற்கள் தமக்குள்ளேயே ஒரு வழக்கை வைத்துக்கொண்டிருக்கின்றன. 'மனச்சாட்சி' அப்படிப்பட்ட சொல். குற்றம் சாட்டப்பட்டதும் மனம். சாட்சி சொல்ல வருவதும் அதே மனம். எந்த நீதிமன்றமும் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனாலும், "என் மனச்சாட்சிக்கு விரோதமாக நான் நடக்கவில்லை, அது போதும்" என்று நாம் நிம்மதியாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையிலேயே அது போதுமா?

இதற்கு விடை தேடி வேதாந்திகளிடம் போவது வழக்கம். நான் ஒரு சிறு யந்திரத்திடம் போகிறேன்.

கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் வண்டு போல் ரீங்கரித்துக்கொண்டு படம் எடுக்கிறதே, அந்த டிரோன் அந்தரத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது நிற்பதில்லை. கணந்தோறும் நகர்கிறது, நகர்ந்ததை உணர்ந்து திருத்திக்கொள்கிறது. திறந்த வெளியில் செயற்கைக் கோள்களின் உதவி கிடைக்கும். ஆனால் தாழப் பறக்கையில் அது பெரிதும் நம்புவது இரண்டை. ஒன்று, உள்ளே இருக்கும் கருவி. சாய்ந்தாலும் திரும்பினாலும் வேகம் மாறினாலும் அது சொல்லும். மற்றொன்று, அடிவயிற்றில் தரையைப் பார்க்கும் காமிரா. கல்லும் புல்லும் படத்துக்குப் படம் எவ்வளவு இடம் பெயர்ந்தன என்று பார்த்து, "நீ நகர்ந்துவிட்டாய்" என்று அது எச்சரிக்கும்.

உள்ளே இருக்கும் கருவிக்கு ஒரு குறை உண்டு. மாறுதல்தான் அதற்குத் தெரியும்; ஒரே சீரான நகர்வு தெரியாது. ஓடும் ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவனின் நிலைதான். அதன் சிறு பிழைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்துகொண்டே போகும்.

மனமும் இப்படித்தானே? முதன்முதலாக மேஜைக்கு அடியில் கைநீட்டும் குமாஸ்தாவுக்கு அன்றிரவு உறக்கம் வருவதில்லை. பத்து வருஷம் கழித்து அவர் நன்றாக உறங்குகிறார். அவர் மனச்சாட்சி பொய் சொல்லவில்லை. குலுக்கலை அது அறியும். சீரான சறுக்கலை அறியாது.

ஆகவே, வெளியிலும் ஒரு சாட்சி வேண்டும். எப்படிப்பட்ட சாட்சி?

மணலைப் பெயரிலேயே சுமக்கும் மணலூர்பேட்டையில் தென்பெண்ணை ஓடுகிறது. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் அங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அன்று ஆற்று மணல் முழுவதும் காலடித் தடங்கள். டிரோனின் காமிராவுக்கு அதைவிட நல்ல தரை ஏது? ஆனால் காற்று அந்தத் தடங்களைத் துடைத்து, மணல் ஒரே நிறமாகப் பரந்து கிடக்கும்போது அது திகைக்கும். எதைப் பிடித்துக்கொண்டு அளப்பது? புதுவெள்ளம் ஓடும் நாளிலோ இன்னும் மோசம். நீர் நகர்வதைத் தான் நகர்வதாக எண்ணி, அதைத் திருத்துவதற்காக ஆற்றோடு இழுபட்டுப் போகும்.

கற்பனை என்று எண்ண வேண்டாம். செவ்வாய்க் கிரகத்தில் 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாகப் பறந்த 'இன்ஜெனியூயிட்டி' என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட அது 72 முறை பறந்தது. கூழாங்கற்கள் நிறைந்த சமதரைக்கென்றே அதன் கண் பழக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி 18 அன்று, அடையாளமற்ற மணல் அலைகளின் மேல் 12 மீட்டர் உயர்ந்து இறங்கியபோது, தான் பக்கவாட்டில் விரைவதை அது சரியாக அறியவில்லை. மோதிச் சாய்ந்தது, இறக்கைகள் முறிந்தன. பெரும்பாலும் இதுவே காரணம் என்று அவ்வாண்டு டிசம்பரில் ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

யந்திரத்துக்கு மட்டும் நேர்வதன்று இது. கண்ணாடி போல் சலனமற்ற ஏரியின் மேல் பறந்த தேனீக்கள் தாழ்ந்து தாழ்ந்து நீரில் விழுந்ததை ஹெரானும் லிண்டாவரும் 1963-இல் எழுதினார்கள்.

நம்மைச் சுற்றியும் இந்த மூன்று தரைகளும் உண்டு. தலையாட்டுகிறவர்கள் மணல், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே முகம். ஊர்ப் பேச்சு வெள்ளம். அதை வைத்து நம்மை அளந்தால் அதோடு போய்ச் சேருவோம். "நீங்கள் முன்பு இப்படி இல்லையே" என்று சொல்லத் துணியும் மனைவியோ, பழைய சிநேகிதனோ, கூழாங்கல்.

அப்படியானால் மனச்சாட்சி வேண்டாமா? வேண்டும். வெள்ளம் ஓடும் நாளில், "உன்னை யாரும் தள்ளவில்லை, நகர்வது நீர்தான்" என்று சொல்லக்கூடியது உள்ளே இருக்கும் கருவி ஒன்றே. ஊரே ஒரு பக்கம் போகும்போது தனித்து நின்றவர்களை நிறுத்தியது அதுதான். நல்ல பொறியாளர் இரண்டையும் வைத்து ஒன்றை மற்றொன்றால் சோதிக்கிறார். காமிரா திகைக்கும்போது அதன் சொல்லுக்கு மதிப்பைக் குறைக்கிறார். தெளிவான தரை தெரிந்ததும் உள்ளே சேர்ந்த பிழையைக் கழிக்கிறார்.

செவ்வாயின் மணலை யாரும் கொண்டுபோய்க் கொட்டவில்லை. ஆனால் நாமோ, பதவியும் பணமும் வரவர, காலில் உறுத்துகிற கல்லை ஒவ்வொன்றாக நாமே பொறுக்கி எறிகிறோம். எதிர்த்துப் பேசுகிறவன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டால், "அப்பாடா!" என்கிறோம். அதன் பிறகு எல்லாம் சுகமாகவே இருக்கிறது. மனம் எந்தக் குறையும் சொல்வதில்லை. அந்தச் சுகத்தைத்தான் நிலைபேறு என்று எண்ணிக்கொள்கிறோம்.